நூலகர் சம்பளம் பேசலாமா, கூடாதா?

மதுரைக்காரி:
நேற்று வேறொரு இழையில் பழைய நூலகர் ஐயா, "நூலகர் வேலைக்குச் சேருகிறவர் சம்பளம் பேசுவது அழகல்ல, கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும்" என்று அருளியிருந்தார். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. முதுகலையும் நெட் தகுதித்தேர்வும் முடித்து ஒரு சுயநிதிக் கல்லூரிக்கு நேர்காணலுக்குப் போனேன். தாளாளர் என் கோப்பைத் திறக்கவே இல்லை. மேசை நாட்காட்டியின் ஓரத்தில் பென்சிலால் 18,000 என்று எழுதி என் பக்கம் திருப்பினார். பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2018 விதிப்படி கல்லூரி நூலகருக்குத் தொடக்கமே 57,700. கேட்டால் அழகு குறைந்துவிடுமா?

பழைய நூலகர்:
57,700 அடிப்படைச் சம்பளம், அம்மா. மொத்தம் அல்ல. அது தெரியாமல் பேரம் பேசப் போனால் பென்சிலால்தான் எழுதுவார்கள்.

மதுரைக்காரி:
மொத்தம் என்று நான் எங்கே சொன்னேன்?

பழைய நூலகர்:
அடிப்படை என்றும் சொல்லவில்லையே.

சிவப்பு மை:
ஐயா, அவருக்கு 18,000கூட அடிப்படை இல்லை, அதுதான் மொத்தம்! நான் பேசித்தான் 26,000 வாங்கினேன். கல்லூரியின் தரம் பார்க்கும் அங்கீகாரக் குழு வர மூன்று மாதம் இருந்தது. நூலகத்தில் பாதிப் புத்தகங்களுக்குப் பதிவேடே இல்லை. "எல்லாவற்றையும் கோஹா நூலக மென்பொருளில் ஏற்றித் தருகிறேன், 26 கொடுங்கள்" என்றேன். மறுநாளே ஒப்புக்கொண்டார்கள். அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிக்கொண்டார்கள் என்பது தனிக்கதை.

பழைய நூலகர்:
பதிவேடு இல்லாமல் கோஹாவில் ஏற்றினீர்களா? பதிவேட்டில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரும் சேர்க்கை எண் எங்கிருந்து வந்தது? இந்திய நூலகவியலின் தந்தை ரங்கநாதன் பிறந்த மண்ணில் இப்படியும் ஒரு நூலகர்! அவர் சம்பளத்தை எண்ணியா உழைத்தார்?

மதுரைக்காரி:
நல்ல ஆளை இழுத்தீர்கள். கணக்கு ஆசிரியராக இருந்தவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பதவிக்கு விண்ணப்பித்ததே சம்பளம் கூடுதல் என்றுதான். அவர் வரலாற்றை எழுதியவர்களே சொல்கிறார்கள்.

பழைய நூலகர்:
அவர் பதவியேற்றது 1924 ஜனவரியில். அன்றைய நிலை வேறு. 57,700 அடிப்படை என்பதை இன்னும் நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

சிவப்பு மை:
அரசு உதவிபெறும் கல்லூரியில் காலம் தள்ளிவிட்டு, மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு எங்கள் 18,000 எப்படித் தெரியும்? போன வருடம் பணி நிரந்தரம் பற்றிக் கேட்டபோதும் இதே போலத்தான் எனக்கு எழுத்துப்பிழை பார்த்தீர்கள்.

பழைய நூலகர்:
பிழை இருந்தது, பார்த்தேன். "நிறந்தரம்" என்று எழுதியிருந்தீர்கள். என் ஓய்வூதியத்தை யாரும் தானமாகத் தரவில்லை. அடுக்கு அடுக்காகத் தூசி தின்று சம்பாதித்தது.

மதுரைக்காரி:
தூசிக்கு அடிப்படையா, மொத்தமா ஐயா?

புதுமுகம்:
எனக்கு வியாழக்கிழமை நேர்காணல். அனுபவம் இரண்டு வருடம். எவ்வளவு கேட்கலாம்?

பழைய நூலகர்:
சிவப்பு மை, சேர்க்கை எண் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.