அறிவியல் படிக்கிற, கற்பிக்கிற கிறிஸ்தவர்களே, ஆலயத்திலோ லேபிலோ உங்களை இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம்?

பல்லாவரத்தான்
எங்கள் சபை வாலிபர்களோடு பரங்கிமலைக்குப் போயிருந்தோம். நிலவியலில் பிஎச்டி செய்கிறேன் என்பதால் கல்லைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்த மலையின் பாறையான சார்னோக்கைட்டின் உடைந்த துண்டு ஒன்றை லென்ஸில் காட்டினேன். எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுமினுப்பு, இடையிடையே நீலம் பாய்ந்த குவார்ட்ஸ். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பதும் இந்த வகைக் கல்தான், அதை வைத்துத்தான் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் பெயரிட்டார் என்று சொல்லும்வரை எல்லாருக்கும் சந்தோஷம். வயது சுமார் 250 கோடி ஆண்டு என்றேன். சபை மூப்பர் லென்ஸை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "தம்பி, வேதத்தைப் படிச்ச நீ இப்படிப் பேசலாமா?" அதட்டவில்லை. வருத்தப்பட்டுத்தான் கேட்டார். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஈஸ்ட்
எனக்கு நேர் எதிர். மரபியல் லேப். சாப்பிடும்முன் கண்ணை மூடினேன். "ஜெபம் பண்ணா ஜெல்லுல பேண்ட் வந்துருமா?" என்றார் சீனியர். ஜெல்லில் டி.என்.ஏ. கோடாகத் தெரிவதைத்தான் பேண்ட் என்போம். மேசையே சிரித்தது. அன்று காலையில்தான் அவர் ஜூனியர்களுக்கு மெண்டல் விதிகள் நடத்தியிருந்தார். பட்டாணியை வைத்து அதைக் கண்டுபிடித்தவர் ப்ர்னோ மடத்துத் துறவி! பேண்ட் வரவேண்டும் என்று நான் ஜெபிப்பதில்லை. வராத நாளில் வந்ததாக எழுதிவிடாத மனதுக்காக ஜெபிக்கிறேன். இதை அங்கே சொல்ல வாய் வரவில்லை.

பாளை வாத்தியார்
பிளஸ் ஒன்னில் பரிணாமம் நடத்தும்போது ஒரு மாணவி, "சார், நீங்க இதை நம்புறீங்களா?" என்றாள். "ஆமாம்மா" என்பதற்குள் மணி அடித்துவிட்டது. அவ்வளவுதான் என் கதை.

பல்லாவரத்தான் தம்பி, வெறும் வயதை மட்டும் சொன்னால் மூப்பருக்கு எப்படிப் புரியும்? கல்லில் இருக்கும் சிர்க்கான் படிகத்துக்குள் யுரேனியம் ஈயமாக மாறுகிற கணக்கைச் சொல்லியிருக்க வேண்டும். உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்பது 17-ஆம் நூற்றாண்டில் பேராயர் அஷர் போட்ட கணக்கு, வேத வசனம் அல்ல. ஆதியாகமத்தின் நாள்கள் நம் நாள்களைப் போன்றவை அல்ல என்று ஆதித் திருச்சபையின் பேராயர் அகுஸ்தீன் அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதிவிட்டார். அதற்காக அறிவியலை வசனத்துக்குச் சாட்சியாகவும் நிறுத்த வேண்டாம். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதிய லெமெத்ர் கத்தோலிக்கக் குரு. 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் பெருவெடிப்பைப் படைப்போடு சேர்த்துப் பேசியது லெமெத்ருக்கே பிடிக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள்.

பல்லாவரத்தான்
ஐயா, யுரேனியக் கணக்கையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். எனக்கு ஓய்வுநாள் பள்ளியில் ஆதியாகமம் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அவர் கையில் தாளை நீட்ட எனக்கு மனசு வராது.

ஈஸ்ட்
தாள் வேண்டாம் அண்ணா. அவர் வீட்டுக்கே ஒருநாள் போய்ப் பேசுங்களேன்.