“ஒரு பாட்டில் ஏத்திவுடுங்க”: தீராத அசதிக்கு டிரிப்ஸில் எதைப் போடுவது?

குடமுருட்டி சிஸ்டர் (கேள்வி):

பாபநாசம் பக்கம் 10 படுக்கை உள்ள சின்ன மருத்துவமனை. நடவும் அறுப்பும் நடக்கிற மாதங்களில் ஓபியில் (வெளிநோயாளர் பிரிவில்) திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: “உடம்பெல்லாம் ஓய்ஞ்சு கெடக்கு, ஒரு பாட்டில் ஏத்திவுடுங்க, நாளைக்கு நடவுக்குப் போவணும்.” வழக்கமாகப் போடுவது டிஎன்எஸ் (குளுக்கோஸும் உப்பும் கலந்த பாட்டில்) 500 மி.லி., அதற்குள் மல்டிவைட்டமின் ஒரு ஆம்பூல் (சின்ன மருந்துக் குப்பி). மஞ்சளாக இறங்கும், வந்தவர் திருப்தியாக எழுந்து போவார். பத்து நாளில் அதே ஆள், அதே அசதி.

புது டாக்டர் இதை நிறுத்தச் சொல்கிறார். யாருக்கு இரும்பு, யாருக்கு பி12, யாருக்கு ஒன்றுமே வேண்டாம் என்று பிரித்துச் செய்யலாம் என்கிறார். இன்னொரு பக்கம் ஒரு கம்பெனி ரெப் ‘மையர்ஸ் காக்டெயில்’ என்று மக்னீசியம், கால்சியம், பி காம்ப்ளெக்ஸ், வைட்டமின் சி எல்லாம் சேர்த்த எட்டு வாரப் பேக்கேஜ் விற்கப் பார்க்கிறார். மூன்று விஷயம் தெரிய வேண்டும். டிஎன்எஸ் உண்மையில் என்ன கொடுக்கிறது? நரம்பில் (ரத்தக்குழாயில்) ஊசி போடுவதற்கு முன் என்னென்ன ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும்? இரும்பு ஏற்றும்போது கலவை, வேகம், தட்டில் தயாராக இருக்க வேண்டியவை என்ன?

வெண்ணாற்று வைத்தியர் (பொது மருத்துவம்):

முதலில் பாட்டில் கணக்கு. டிஎன்எஸ்ஸில் குளுக்கோஸ் 5 சதவீதம். அரை லிட்டரில் 25 கிராம், 100 கலோரிக்கும் குறைவு. அதோடு 4.5 கிராம் உப்பு. ஆக, இரண்டு சின்ன இட்லியும் ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைந்த உப்பும். ஒரு நாள் முழுவதற்குமே உப்பு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பிரஷர்காரருக்கும் இதய பலவீனம் உள்ளவருக்கும் அதைத்தான் இரண்டு மணி நேரத்தில் உள்ளே விடுகிறோம்.

அப்படியானால் தெம்பு எங்கிருந்து வருகிறது? வெயிலில் குனிந்து நட்டவருக்குத் தண்ணீரும் உப்பும் நிஜமாகவே குறைந்திருக்கும். அது நிரம்பினால் தலைச்சுற்றல் போகும். ஃபேனுக்கடியில் இரண்டு மணி நேரம் படுத்ததும் ஒரு மருந்துதான். வாந்தி இல்லாதவருக்கு இதே வேலையை ஓஆர்எஸ் செய்யும், ஒரு பாக்கெட்டுக்குச் சரியாக 1 லிட்டர் தண்ணீர். ஒரு டம்ளர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைத்துக் குடித்தால் உப்பு ஏறி தாகம்தான் கூடும்.

மஞ்சள் நிறம் பி2 வைட்டமினுடையது. மிஞ்சியது சிறுநீரில் அதே மஞ்சளாகப் போய்விடும். நம் பக்கத்துப் பெண்களின் அசதிக்கு முதலில் சந்தேகப்பட வேண்டிய இரும்பு அந்த ஆம்பூலில் துளிகூடக் கிடையாது. பத்து நாளில் அதே ஆள் ஏன் திரும்பி வருகிறார் என்பதற்குப் பதில் இதுதான்.

தினமும் குடிக்கிறவரிடம் ஒரு எச்சரிக்கை. குளுக்கோஸ் பாட்டிலுக்கு முன் தயமின் (பி1) 100 மி.கி.யாவது போக வேண்டும். பி1 வற்றிய மூளைக்கு வெறும் குளுக்கோஸ் போனால் குழப்பம், கண் அசைவுக் கோளாறு, தள்ளாட்டம் என்று வெர்னிக்கே நோய் வெளிப்படலாம்.

மையர்ஸ் காக்டெயில்: அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான் மையர்ஸ் என்ற மருத்துவர் கொடுத்துவந்த கலவை. 1984இல் அவர் இறந்த பிறகு ஆலன் கேபி என்பவர் அதைத் தொடர்ந்து, 2002இல் எழுதி வெளியிட்டார். ஃபைப்ரோமையால்ஜியா (உடம்பெல்லாம் நாள்பட்ட வலி) உள்ள 34 பேருக்கு வாரம் ஒன்றாக 8 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009இல் வந்தது. கலவை பெற்றவர்களும் தேறினார்கள், வெறும் சலைன் (உப்புநீர்) வகைத் திரவம் பெற்றவர்களும் தேறினார்கள். இரண்டுக்கும் இடையில் நம்பத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ரெப் வந்தால் இதைக் கேளுங்கள்.

ஆபத்து இல்லாத கலவையும் இல்லை. மக்னீசியத்தை வேகமாகத் தள்ளினால் உடம்பு கொதிக்கிற மாதிரி இருக்கும், பிரஷர் இறங்கும். அதிக அளவு வைட்டமின் சி, ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவருக்கு ரத்த அணுக்களை உடைக்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு அங்கே ஆக்சலேட் உப்பு படியும். இதைவிட நமக்கு அன்றாடத் தொல்லை ஒன்று உண்டு. வைட்டமின் சி அதிகமாக ஏற்றிய உடம்பில் சில குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். அதைப் பார்த்து இன்சுலின் போட்டால் சர்க்கரை சரிந்து ஆள் மயங்கிவிடுவார்.

லேப் மேசை:

ரத்தம் எடுக்கிற வரிசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பாதித் தப்பு அங்கேதான் நடக்கிறது.

பாட்டில் ஓடுகிற கையில் ரத்தம் எடுக்காதீர்கள். சர்க்கரை 400 காட்டும், ஹீமோகுளோபின் நீர்த்துப்போய் 6 காட்டும், எல்லாரும் பதறுவீர்கள். மறு கையில் எடுங்கள். அதைவிட நல்லது, ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிடுவது. பி12 ஊசி ஒன்று போய்விட்டால் அதற்கப்புறம் எடுக்கிற பி12 அளவுக்கு அர்த்தமே இல்லை. இரும்பு ஏற்றிய பின் ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) அப்படித்தான், வாரக்கணக்கில் வானத்தில் நிற்கும்.

எடுக்க வேண்டியவை: சிபிசி (ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை), ஃபெரிட்டின், டிஎஸ்எச் (தைராய்டுக்கு), வெறும்வயிற்று சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), இஎஸ்ஆர் (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்க), சிறுநீர். கை கால் மரத்துப்போகிறது என்றாலோ, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையோ வயிற்று எரிச்சல் மாத்திரையோ வருடக்கணக்கில் போடுகிறார் என்றாலோ பி12.

படிக்கும் விதம்: கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே, ஆணுக்கு 13க்குக் கீழே என்றால் ரத்தசோகை. ஃபெரிட்டின் 15க்குக் கீழே போனால் இரும்பு இல்லை என்று சத்தியம் செய்யலாம்; நடைமுறையில் 30க்குக் கீழே என்றாலே வைத்தியம் பார்ப்பார்கள். காய்ச்சலோ வீக்கமோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும், அப்போது 70 வரைக்கும் சந்தேகப்பட வேண்டும்.

எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 80க்குக் கீழே வந்தவுடன் “இரும்பு ஏற்று” என்று ஓடாதீர்கள். எம்சிவியை சிவப்பணு எண்ணிக்கையால் (மில்லியனில்) வகுத்துப் பாருங்கள். எம்சிவி 65, எண்ணிக்கை 5.6 என்றால், 65ஐ 5.6ஆல் வகுத்தால் 11.6. 13க்குக் கீழே வந்தால் தலசீமியா ட்ரெய்ட் (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் குறை) இருக்கலாம். ஃபெரிட்டின் பார்க்காமல் இரும்பு ஏற்றக் கூடாது. இன்னொரு கண்ணாமூச்சி, இரும்பும் பி12உம் சேர்ந்தே குறைந்தால் ஒன்று அணுவைச் சிறிதாக்கும், மற்றது பெரிதாக்கும். சராசரி நார்மலாக வந்துவிடும். ஆர்டிடபிள்யூ (அணுக்களின் அளவு வேறுபாடு) மட்டும் உயர்ந்து காட்டிக்கொடுக்கும்.

இரும்பு குறைந்தவருக்கு எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) கொஞ்சம் உயர்ந்து வரும். அதை மட்டும் வைத்து ‘சுகர் வந்துடுச்சு’ என்று சொல்லிவிடாதீர்கள். முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை போடுகிறவர் அதை இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு வரட்டும், சில மெஷினில் டிஎஸ்எச்சைக் கெடுக்கும்.

வயலில் வெறுங்காலோடு நிற்பவர் என்றால் மலமும் பார்க்க வேண்டும். கொக்கிப்புழு ஈரமண்ணிலிருந்து காலின் தோல் வழியாக நுழைந்து, குடலில் கடித்துத் தொங்கி ரத்தம் குடிக்கிறது. சாம்பிள் அன்றன்றைக்குப் புதிதாக வேண்டும். வெக்கையில் நெடுநேரம் வைத்தால் முட்டை சிதைந்தோ பொரித்தோ போகலாம், நமக்கு ஒன்றும் தெரியாது.

மன்னை மருந்தாளுநர்:

இரும்பு ஏற்றுகிற கதைக்கு வருவோம். அதற்கு முன் ஒன்று: மாத்திரை தாங்குகிறவருக்கு மாத்திரைதான் முதலில். பலருக்கு அது வேலை செய்யாததற்குக் காரணம் விழுங்குகிற விதம். கும்பகோணம் டிகிரி காபியோடு விழுங்கினால் இரும்பு குடலில் ஏறாது. காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எதுவானாலும் இரண்டு மணி நேரம் தள்ளட்டும். ஒரு டோஸ் போனதும் ஈரலிலிருந்து ஹெப்சிடின் என்ற ஹார்மோன் சுரந்து ஏறக்குறைய ஒரு நாளைக்குக் குடலின் கதவைச் சாத்திவிடும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் உறிஞ்சுவதும் நன்றாக இருக்கும், வயிற்றுப் பிரட்டலும் குறையும். மலம் கறுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர், பெரும்பாடு (மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கு) நிற்காதவர், கர்ப்பத்தின் பின்பகுதியில் ஹீமோகுளோபின் மிகக் குறைந்தவர், நாள்பட்ட சிறுநீரக நோயாளி, இவர்களுக்குத்தான் நரம்பு வழி.

எவ்வளவு? எடை × (வேண்டிய ஹீமோகுளோபின் − இருப்பது) × 2.4, அதோடு சேமிப்புக்கு 500. எடை 50 கிலோ, இருப்பது 8, வேண்டியது 13 என்றால் 600, சேமிப்பும் சேர்த்து 1100 மி.கி.

அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்பு ஊசி: 5 மி.லி. ஆம்பூலில் 100 மி.கி. ஒரு தடவைக்கு 200 மி.கி., அதை 100 மி.லி. நார்மல் சலைனில். வேறு பாட்டிலில் வேண்டாம், டிஎன்எஸ்ஸிலும் வேண்டாம். கூடவே வைட்டமினையும் கலக்க வேண்டாம். அரை லிட்டரில் நீர்க்கக் கலந்தால் நல்லது என்று நினைப்பார்கள், அதுவும் தப்பு: 1 மி.லி.க்கு 1 மி.கி.க்குக் கீழே போனால் கலவை நிலைக்காது. குறைந்தது அரை மணி நேரம். 1 மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்கு 65 சொட்டுப் போல வரும். ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்தில் 600 மி.கி.க்கு மேல் போகாமல். மேலே சொன்ன 1100க்கு ஆறு தடவை வர வேண்டும். நடவு நேரத்தில் ஆறு நாள் கூலியை யார் விடுவார்கள்?

அங்கேதான் ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற இன்னொரு இரும்பு ஊசி உதவும். 500 மி.கி.க்கு மேல் 1000 வரை 250 மி.லி. சலைனுக்கு மிகாமல் கலந்து 15 நிமிடத்துக்குக் குறையாமல். ஒரு தடவையில் கிலோவுக்கு 20 மி.கி.யைத் தாண்டக் கூடாது, வாரத்துக்கு 1000க்கு மேலும் கூடாது. 45 கிலோ அம்மாவுக்கு 900தான். “ஆயிரம் ரவுண்டா போட்டுடலாம்” என்பது கூடாது.

நரம்பு போடுவதில்: முழங்கை மடிப்பை விட்டுவிட்டு முன்கையில் 22 நம்பர் நீல கேனுலா (நரம்பில் செருகும் சின்னக் குழாய்), புதிதாக. 10 மி.லி. சலைன் தள்ளி வீக்கம் வரவில்லை என்று பார்த்த பிறகே இரும்பு. வெளியே கசிந்தால் தோலில் காப்பித்தூள் நிறத்தில் கறை விழும், மாதங்கள் போனாலும் மறையாது. எரிகிறது என்று சொன்ன அந்த நொடியே நிறுத்துங்கள். சிறுநீரக நோயாளிக்கு மட்டும் முன்கையைத் தொடாதீர்கள், பின்னாளில் டயாலிசிஸ் ஃபிஸ்டுலாவுக்கு (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைப்பது) அந்த நரம்பு வேண்டும், புறங்கையில் போடுங்கள்.

முன்பு டெஸ்ட் டோஸ் (ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கக் கொஞ்சமாக) கொடுப்பார்கள். அது பாதுகாப்பு என்ற பொய்யான நிம்மதியைத்தான் தருகிறது என்பதால் 2013இலேயே ஐரோப்பிய மருந்து முகமை அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. அதற்குப் பதில் முடிந்த பிறகும் 30 நிமிடம் உட்கார வைத்துப் பாருங்கள்.

தட்டில்: அட்ரினலின், சலைன் பாட்டில், ஆக்சிஜன், பிரஷர் கருவி. ஆரம்பித்த சில நிமிடத்தில் முகம் சிவந்து, நெஞ்சு இறுக்கி, முதுகு வலிக்கிறது என்று சொல்லி, பிரஷரும் மூச்சும் சரியாக இருந்தால் அது பெரும்பாலும் அலர்ஜி அல்ல. நிறுத்துங்கள், 15 நிமிடம் காத்திருங்கள், டாக்டர் பார்த்த பின் பாதி வேகத்தில் தொடங்கலாம். கை தானாக ஏவில் என்ற அலர்ஜி ஊசியைத் தேடும். அதைப் போட்டால் தூக்கமும் பிரஷர் சரிவும் வந்து, சின்ன விஷயம் பெரிய அலர்ஜி மாதிரி வேஷம் கட்டும். மூச்சுத் திணறல், உதடு வீக்கம், பிரஷர் சரிவு என்றால் அட்ரினலின் 1:1000இல் 0.5 மி.லி. தொடையின் வெளிப்பக்கத் தசையில், உடனே. முதல் மருந்து அதுதான், ஏவிலோ ஸ்டீராய்டோ இல்லை.

குடமுருட்டி சிஸ்டர்:

ரொம்ப நன்றி சார். 500 மி.லி.யில் கலந்துகொண்டிருந்தோம், இன்றைக்கே மாற்றச் சொல்கிறேன். யாருக்குக் கூடவே கூடாது? பி12ஐயும் பாட்டிலில் போட்டுவிடலாமா?

வெண்ணாற்று வைத்தியர்:

பி12க்குப் பாட்டிலே வேண்டாம் சிஸ்டர். 1000 மைக்ரோகிராம் தசையில் போட்டால் போதும். மரத்துப்போதல், தள்ளாட்டம் இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாளாக இரண்டு வாரம், பிறகு இடைவெளியைக் கூட்டலாம். பி12 பார்க்காமல் ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுக்காதீர்கள். ரத்தம் தேறின மாதிரி காட்டும், நரம்புச் சேதம் உள்ளுக்குள் போய்க்கொண்டே இருக்கும்.

இரும்பு ஏற்றக் கூடாதவர்கள்: கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம், காய்ச்சலோடு இருப்பவர். மழைக்காலத்தில் வயலில் நின்றவர் காய்ச்சல், கெண்டைச்சதை வலி, கண் சிவப்பு என்று வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம், இரும்பைத் தள்ளிவைத்துவிட்டு அதைப் பாருங்கள். இரண்டாம் மூன்றாம் மூன்று மாதத்தில் உள்ள கர்ப்பிணிகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே அனுப்பலாம், அங்கே அயர்ன் சுக்ரோஸ் செலவில்லாமல் ஏற்றுகிறார்கள்.

மன்னை சார் விட்டுப்போன ஒன்று. ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் சிலருக்கு ரத்தத்தில் உள்ள பாஸ்பேட்டைக் கீழே இறக்கும். ஏற்றி ஒன்றிரண்டு வாரத்தில் அசதி கூடுகிறது, எலும்பு வலிக்கிறது என்று வந்தால், “சத்து பத்தல” என்று இன்னொரு டோஸ் போடாமல் பாஸ்பேட் பாருங்கள்.

கொக்கிப்புழு இருந்தால் அல்பெண்டசோல் (பூச்சி மாத்திரை) 400 மி.கி. அது உள்ளே இருக்கும்வரை ஏற்றுவது ஓட்டைக் குடத்தில்தான் போகும். ஐம்பது வயது தாண்டிய ஆணுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும் இரும்பு குறைந்தால், ஏற்றியதோடு விடாமல் எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபிக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு எழுதுங்கள். குடலில் புற்று ஒளிந்திருப்பது பல நேரம் இந்த ஒரு அறிகுறியோடுதான்.

காவிரிக்கரைக் கம்பவுண்டர்:

எல்லாம் சரி, ஆனால் பாட்டில் இல்லை என்றால் அடுத்த தெரு கிளினிக்குக்குப் போய்விடுவார்களே?

குடமுருட்டி சிஸ்டர்:

போகத்தான் செய்வார்கள். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து, “ஒங்க ரத்தம் 12 இருக்கணும், 8தான் இருக்கு, அந்த மஞ்ச பாட்டில்ல இது கெடையாது” என்று எண்ணைச் சொன்னால் நிறையப் பேர் நிற்கிறார்கள்.

லேப் மேசை:

அந்த எண்ணை மறுபடி பார்க்க நான்கு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 1 முதல் 2 வரை ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் ரத்தம் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது, அல்லது முதல் கணக்கே தப்பு. ஃபெரிட்டினை மட்டும் எட்டு வாரத்துக்கு முன் கேட்காதீர்கள், காசு வேஸ்ட்.