குறைமாதப் பிள்ளைக்கு நுரையீரலில் விட்ட மருந்து கிருமியையும் தடுக்குமா?

பட்டர்வொர்த் சித்தி:
தங்கச்சிக்கு 30 வாரத்திலேயே ஆண் பிள்ளை பிறந்துவிட்டது. பிறந்த அன்றே குழாய் வழியாகப் பால் மாதிரி ஒரு மருந்தை நுரையீரலுக்குள் விட்டார்கள், சர்ஃபாக்டன்ட் என்றார்கள், மூச்சு தேறிவிட்டது. சர்ஃபாக்டன்ட்டில் கிருமியைப் பிடிக்கும் புரதம் இருக்கிறது என்று நெட்டில் படித்தேன். அப்படியென்றால் நிமோனியா பயம் வேண்டாம்தானே? நர்ஸ் மட்டும் ஒவ்வொரு தடவையும் கையைக் கழுவச் சொல்லி விரட்டுகிறார்.

செந்தூல் லேப்காரன்:
நர்ஸ் சொல்வதைக் கேளுங்கள் அக்கா. படித்தது சரிதான், ஆனால் அது நம் நுரையீரல் தானாகச் சுரக்கும் சர்ஃபாக்டன்ட்டைப் பற்றியது. அதில் பெரும்பகுதி கொழுப்பு, சுமார் 10 சதவீதம்தான் புரதம், அதிலும் ஏ, பி, சி, டி என்று நாலு வகை. பி-யும் சி-யும் காற்றுப்பை ஒட்டிக்கொள்ளாமல் விரிய உதவுபவை. கிருமி வேலை ஏ-க்கும் டி-க்கும். பாக்டீரியாவின் மேல்தோலில் இருக்கும் சர்க்கரை அமைப்பு நம் செல்லில் இருப்பதுபோல் இருக்காது, இவை கால்சியத்தின் துணையோடு அதைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளும். டி சிலுவை மாதிரி நாலு கை உள்ளது, ஒரே நேரத்தில் பல பாக்டீரியாக்களைச் சேர்த்துக் கட்டியாக்கிவிடும், அப்புறம் அங்கே திரியும் மேக்ரோபேஜ் செல்கள் வந்து விழுங்கிவிடும். ஈகோலை போன்ற சிலவற்றின் மேலுறையையே ஓட்டையாக்கிவிடுவதும் உண்டு. கிருமியும் லேசுப்பட்டதில்லை, சூடோமோனாஸ் ஒரு நொதியை விட்டு இந்தப் புரதங்களையே வெட்டிப்போடும்.

இப்போது பிள்ளைக்குக் கொடுத்த மருந்துக்கு வருவோம். வழக்கமாகத் தருவது மாடு அல்லது பன்றி நுரையீரலிலிருந்து எடுப்பது. எடுக்கும்போது கரைப்பானில் கொழுப்போடு பி, சி வந்துவிடும், தண்ணீரில் கரையும் ஏ-யும் டி-யும் கழன்றுவிடும். ஆக அது மூச்சுக்கான மருந்து, காவலுக்கு இல்லை.

ஆயர் ஈத்தாம் அம்மா:
பிள்ளைக்கு அந்தக் காவல் எப்போது வரும்?

செந்தூல் லேப்காரன்:
கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் அது கூடும், முன்னாலேயே பிறந்துவிட்டால் குறைவாகத்தான் இருக்கும். வளர வளர நுரையீரலே சுரந்துகொள்ளும். அதுவரைக்கும் கை கழுவுவது, தாய்ப்பால், டாக்டர் கண்காணிப்பு.

பட்டர்வொர்த் சித்தி:
நன்றி தம்பி. மாடு விஷயம் மட்டும் பாட்டி காதுக்குப் போகக்கூடாது, அவர் மாட்டிறைச்சி விற்கும் கடைப்பக்கம்கூடப் போகமாட்டார்.