செம்பில் இருந்த பெயர்

ரங்கூன்வாசி:
எங்கள் வீட்டுப் பித்தளைச் செம்பை மூன்று நாளாகப் பென்சிலில் வரைந்துகொண்டிருந்தேன். நான்காம் நாள் கரண்ட் போய், ஜன்னல் வெளிச்சம் மட்டும் பக்கவாட்டில் விழுந்தது. அப்போதுதான் கழுத்துக்குக் கீழே வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தன. பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்களே, அதுதான். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மழுங்கியிருந்தது. ஒவ்வொரு குழியிலும் ஜன்னல் பக்க ஓரம் கறுப்பு, எதிர் ஓரத்தில் நூல் போல வெளிச்சம். பார்த்தபடியே காகிதத்தில் வைத்துக்கொண்டு வந்தேன், எழுத்து எழுந்து வந்தது. "மு. மீ". எங்கள் வீட்டில் அப்படி யாரும் கிடையாது.

அம்மாவைக் கேட்டேன். "பக்கத்து வீட்டுக்காரங்களது. 1964-ல கடையெல்லாம் பர்மா சர்க்கார் எடுத்துக்கிட்டப்ப கப்பலேறிட்டாங்க. திரும்பி வந்து வாங்கிக்கிறோம்னு உங்க பாட்டிகிட்ட கொடுத்தாங்களாம்" என்றார்.

தினமும் அதில்தான் தண்ணீர் குடிக்கிறேன். மீதி எழுத்து தெரியவில்லை. படத்தில் அந்த இடத்தை என்ன செய்வது?

பெகுக்காரி:
நான் வரைந்தது தனாக்கா அரைக்கும் கல். தனாக்கா என்றால் பர்மாவில் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து. அம்மா அரைத்துவிட்டுப் போன ஈரம் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. நான் கறுப்பு வைத்து முடிப்பதற்குள் கல்லில் அந்தக் கறுப்பே இல்லை.

அண்ணே, எழுத்தை ஊகித்துப் போட்டுவிடாதீர்கள். தெரிகிற புள்ளியை மட்டும் வையுங்கள். அப்புறம், செம்பை மேலிருந்து பார்க்கும்போது வாய் வட்டத்தைவிட அடிப்பக்கம் கூடுதலாக வளையும். நிறையப் பேர் அடியை நேர்கோடாக இழுத்துவிடுகிறார்கள், செம்பு தரையில் உட்காராது. மிகவும் கறுப்பாக எழுதும் 6பி பென்சிலை அழுத்தித் தேய்க்க வேண்டாம், கிராஃபைட் பளபளத்துக் கறுப்பு சாம்பலாகத் தெரியும். அதைவிடக் கறுப்புக் குறைந்த 2பி-யில் லேசாகப் பல தடவை போட்டுவிட்டு, பிறகு கறுப்பு கூடிய பென்சிலுக்குப் போங்கள். மினுக்கத்துக்குக் காகிதத்தின் வெள்ளையையே விட்டுவிடுங்கள்.

தாட்டோன்காரன்:
தங்கச்சி சொல்வதில் பாதியை ஏற்க மாட்டேன். தெரியவில்லை என்று விட்டுவிடலாமா? தேட வேண்டும். அப்பாவின் டிபன் கேரியர் கொக்கியில் கம்பி சுற்றியிருக்கும். வரைந்து காட்டினேன். விரலை வைத்து எண்ணினார். படத்தில் ஐந்து சுற்று, கேரியரில் ஏழு. ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அந்த விரல் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மெல்லிய காகிதத்தைச் செம்பில் சுற்றி, 4பி-யைப் படுக்கவைத்துத் தேயுங்கள். குழிகள் வெள்ளையாக நிற்கும்.

ரங்கூன்வாசி:
தேய்த்துப் பார்த்தேன். "மு. மீனா" வரை வந்தது. அதற்கப்புறம் ஒடுக்கு விழுந்திருக்கிறது.