துருவத்துக்கு மேல் போகும் துணைக்கோளுக்கும் மலேசியாவின் பிறை ஊரில் அடிக்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம்?

பிறை_பந்தல்:
வணக்கம். பிறையில் கல்யாணத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் கூடாரம் போட்டுக் கொடுக்கிறேன். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் எட்டுக் கூடாரம் கட்டினோம். இரவு 11 மணிக்குக் கைப்பேசியில் துணைக்கோள் படத்தைப் பார்த்தேன். பினாங்கு பக்கம் ஒரு மேகம்கூட இல்லை. நம்பிப் படுத்துவிட்டேன். விடியற்காலை 4.30க்கு மேற்கிலிருந்து சூறைக்காற்று வந்து மூன்று கூடாரங்களைப் பெயர்த்துப் போட்டது. உள்ளே படுத்திருந்த என் வேலைக்காரப் பையனுக்குக் கையில் இரும்புக் குழாய் பட்டு ஐந்து தையல். கூடாரம் போனால் வாங்கிக்கொள்ளலாம். பையன் கையை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

அந்தப் படம் தப்பா, நான் பார்த்த விதம் தப்பா? இன்னொன்று: ஐந்தாம் படிவம் படிக்கும் என் மகள், வானிலைக் கணிப்புக்குத் துருவங்களுக்கு மேல் போகிற கோள்கள்தான் அதிகம் உதவுகின்றன என்கிறாள். அங்கே போகிற கோளுக்குப் பிறையைப் பற்றி என்ன தெரியும்?

மொட்டைமாடி_ஆன்டெனா:
தம்பி, பையனுக்குக் கை எப்படி இருக்கிறது?

படம் தப்பில்லை. நீங்கள் பார்த்தது அநேகமாக ஜப்பானின் ஹிமாவாரி-9 எடுத்தது. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. அதனால் எப்போதும் நம் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும், 10 நிமிடத்துக்கு ஒரு படம் அனுப்பும். இரவில் அகச்சிவப்பில் எடுக்கும். அதில் பளீர் வெள்ளையாகத் தெரிவது உயரத்தில் உறைந்து கிடக்கும் மேக உச்சி.

ஆனால் 11 மணிப் படம் 11 மணியைப் பற்றித்தான் பேசும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை வரும் சுமத்ரா காற்று பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகுதான் கட்டும். சுமத்ரா நிலத்திலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று, மலாக்கா நீரிணையின் வெதுவெதுப்பான ஈரக்காற்றைத் தூக்கிவிட, மேகங்கள் வரிசை கட்டிக் கிழக்கே நம் கரைக்கு வரும். ஆகவே 1 மணிக்கும் 3 மணிக்கும் மறுபடி பாருங்கள். ஒரே படத்தை அல்ல, கடைசி இரண்டு மணி நேரப் படங்களை ஓடவிட்டு. நீரிணை நடுவில் வெள்ளைப் புள்ளிகள் முளைத்து வில்லாக நீண்டால், கூடாரத்துக்குள் படுத்திருப்பவர்களை உடனே எழுப்பி வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள்.

உங்கள் மகள் சொன்னதும் சரி. ஹிமாவாரி பெரும்பாலும் மேகத்தின் மேல்தோலைத்தான் பார்க்கிறது. கணிப்புப் போடும் கணினிக்கோ, எந்த உயரத்தில் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று தெரிய வேண்டும். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் பலூன் விட்டு அளக்கிறார்கள். இந்தியப் பெருங்கடல் நடுவில் யார் விடுவார்? அங்கேதான் ஐரோப்பாவின் மெட்டாப், அமெரிக்காவின் நோவா-20 போன்றவை கைகொடுக்கின்றன. 800 கிலோமீட்டர் சொச்ச உயரத்தில் வடக்கும் தெற்குமாகச் சுற்றுகின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் நீராவியும் தாமாகவே நுண்ணலைகளை வெளியிடும். ஒவ்வோர் அலைவரிசையும் ஒவ்வோர் உயரத்தின் சேதியைக் கொண்டுவரும். மேகம் அதைப் பெரிதாக மறைக்காது. கோள் நாளுக்கு 14 முறை சுற்றுவதற்குள் கீழே பூமி ஒருமுறை உருண்டுவிடுவதால், பிறையையும் இரண்டு தடவை பார்த்துவிடும்.

நான் புக்கிட் மெர்தாஜம் வீட்டு மாடியில் இரண்டு அலுமினியக் கம்பிகளை வைத்து, ரஷ்யாவின் மீட்டியோர்-எம் கோளை 137 மெகாஹெர்ட்ஸில் பிடிக்கிறேன். கால் மணி நேரத்துக்குள் கடந்து போய்விடும். அதற்குள் மியன்மாரிலிருந்து ஜாவா வரை படம் வரிவரியாக இறங்கும். எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கால் மணி நேரம் எனக்கு வேறு நினைவே வராது.

கடல்பனி_கேஎல்:
அண்ணே, நான் கோலாலம்பூரில் துருவப் பனி பற்றி முதுகலை ஆய்வு செய்கிறேன். உங்கள் மகளுக்கு இதையும் சொல்லுங்கள். அந்தக் கோள் பிறையைப் பார்ப்பது இரண்டு முறை. துருவப் பக்கம் போவதோ 14 சுற்றிலும். ஹிமாவாரிக்கு அந்தப் பகுதி பூமியின் வளைவில் மறைந்துவிடும்.

துருவத்தில் மாதக்கணக்கில் இருட்டு, மேகமும் அதிகம். சாதாரணப் படம் அங்கே உதவாது. நுண்ணலையில் கடல்பனி பிரகாசமாகவும் திறந்த நீர் மங்கலாகவும் தெரியும். 1978இல் அமெரிக்கா ஏவிய நிம்பஸ்-7 துணைக்கோள் தொடங்கி இன்றுவரை அந்தக் கணக்கு விடாமல் வருகிறது. 2012 செப்டம்பரில் ஆர்க்டிக் பனி சுமார் 3.4 மில்லியன் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது, பதிவிலேயே மிகக் குறைவு. பரப்பு மட்டும் போதாது, தடிமனும் வேண்டும். ஐரோப்பாவின் கிரையோசாட்-2 துணைக்கோள் ரேடாரால் நீருக்கு மேல் நிற்கும் பனியின் உயரத்தை அளக்கிறது. மிதக்கும் பனியில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான் வெளியே தெரியும் என்பதால், மீதியைக் கணக்கிட்டுவிடலாம்.

நமக்கு ஏன் என்று என் அம்மாவும் கேட்டார். கிரீன்லாந்தின் நிலப்பனி தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. அது உருகினால் அங்கே கடல் மட்டம் இறங்கும், நம்மைப் போலத் தூரத்தில் இருப்பவர்களுக்குச் சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். பிறைக்குப் பக்கத்திலுள்ள பட்டர்வொர்த் கரைக்கும் அதில் பங்கு உண்டு.

பிறை_பந்தல்:
இருவருக்கும் நன்றி. பையனுக்குத் தையல் பிரித்தாகிவிட்டது, விரல்களை நன்றாக மடக்குகிறான். போன சனிக்கிழமை பாகான் டாலாமில் ஒரு விசேஷம். மகளும் நானும் மாறி மாறி விழித்துப் பார்த்தோம். 2.40க்கு நீரிணையில் வெள்ளை கட்டியது. எல்லாரையும் வீட்டுக்குள் அனுப்பிவிட்டோம். 5 மணிக்குக் காற்று வந்தது, ஒரு கூடாரம் சாய்ந்தது, யாருக்கும் அடி இல்லை.

ஐயா, மகள் கேட்கச் சொன்னாள்: அந்த அலுமினியக் கம்பி எவ்வளவு நீளம்?

மொட்டைமாடி_ஆன்டெனா:
ஒவ்வொன்றும் 53 சென்டிமீட்டர் சொச்சம். நடுவில் 120 பாகை விரித்துத் தரைக்கு இணையாகப் படுக்கவைத்து, திறந்த பக்கம் வடக்கையோ தெற்கையோ பார்க்க வேண்டும். இடி இருந்தால் மாடிக்குப் போகவே கூடாது என்று முதலில் சொல்லிவிடுங்கள்.