வெள்ளைச் சேஜ்: குன்றில் பறிப்பதா, வீட்டில் வளர்ப்பதா?

கேள்வி:
தெற்குக் கலிபோர்னியாவில் குடியிருக்கும் நாங்கள், வீட்டில் புகை போடுவதற்கு வெள்ளைச் சேஜ் (white sage) என்னும் நறுமணச் செடியின் இலையைத் தேடுகிறோம். குன்றுகளில் தானாக வளர்ந்திருக்கும் செடிகளில் கொஞ்சம் பறித்துக்கொள்வது முறையாகுமா, அல்லது தோட்டத்திலேயே வளர்க்க முடியுமா?

மறுமொழி 1:
அருள்கூர்ந்து குன்றில் கை வைக்காதீர்கள். தெற்குக் கலிபோர்னியாவிலும் அதையொட்டிய மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவிலும் மட்டுமே இயற்கையாக வளரும் இச்செடியை, கடைகளில் விற்கும் இலைக்கட்டுகளுக்காக மூட்டை மூட்டையாகத் திருடுகிறார்கள். 2018இல் தெற்குக் கலிபோர்னியாவின் வடக்கு எட்டிவாண்டா இயற்கைக் காப்புப் பகுதியில் சுமார் 400 பவுண்டு இலையுடன் நால்வர் பிடிபட்டனர். கவீயா, குமியாய் முதலிய பூர்வகுடிகளுக்கு இது உணவும் மருந்தும் வழிபாட்டுப் பொருளுமாகும். அவர்களுக்கே கிடைக்காமல் போவது எனக்குப் பெரும் வேதனையளிக்கிறது.

மறுமொழி 2:
தாராளமாக வளர்க்கலாம். விதை எளிதில் முளைக்காது என்பதால், உள்நாட்டுச் செடிகளை விற்கும் நாற்றுப் பண்ணையில் கன்று வாங்கி, மழைக்காலம் தொடங்கும் முன், நாள் முழுதும் வெயில் படுகிற, நீர் தேங்காத இடத்தில் நடுங்கள். வேர் பிடித்த பிறகு கோடையில் அடிக்கடி நீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும். பறிக்கும்போது முற்றிய தண்டை விட்டுவிட்டு, விரலில் பிசின் ஒட்டுகிற இளங்கிளை நுனிகளை மட்டும் வெட்டி, நிழலில் உலர்த்துங்கள்.

மறுமொழி 3:
கட்டாகக் கொளுத்த வேண்டியதில்லை. மண்சட்டியில் ஓரிரு இலைகளே போதும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் புகையையே தவிர்த்துவிடுங்கள்.