இரண்டு சுகாதார நிலையங்களை நியாயமாக ஒப்பிடுவது எப்படி?

அல்சூர் சிஸ்டர்:
வணக்கம். பெங்களூரில் ஓர் ஆய்வுக் குழுவில் செவிலியராக இருக்கிறேன். நகர ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரஷர் நோயாளிகளைக் கவனிக்கும் முறையை மாற்றி, பலனை ஒப்பிடுகிறோம். ஓய்வுபெற்றவர்கள் அதிகம் வரும் ஒரு நிலையத்தில் முக்கால்வாசிப் பேருக்கு 140/90-க்குக் கீழே வந்துவிட்டது. இன்னொன்றில் பாதிப் பேருக்குத்தான். அங்கே வருவது பெரும்பாலும் கார்மென்ட்ஸ் பெண்கள்; ஷிஃப்ட் முடிவதற்குள் ஓ.பி. மூடிவிடும். அந்த சிஸ்டர் கன்னடம், தமிழ், உருது மூன்றிலும் போன் போட்டு, விட்டுப்போனவர்களை வரவழைக்கிறார். அவர் நிலையம் பட்டியலில் கடைசியில் நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தாராவி மருந்தாளுநர்:
அக்கா, எதை எதால் வகுத்தீர்கள்? வந்தவர்களாலா, பதிவானவர்களாலா? உதாரணத்துக்கு, இரண்டு இடத்திலும் 100 பேர் பதிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 40 பேர் வந்து 30 பேருக்குக் கட்டுப்பாடு என்றால் 75 சதவீதம். மற்றதில் 80 பேர் வந்து 40 பேருக்கு என்றால் 50. பதிவானவர்களால் வகுத்தால் 30-க்கு எதிராக 40! கூப்பிட்டு வரவழைக்கப்படுபவர்கள் பாதியில் மாத்திரையை விட்டவர்கள். அவர்களுக்கு பிரஷர் ஏறித்தான் இருக்கும். 2017-இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சியில், கடைசி மூன்று மாதம் வராதவர்களையும் கணக்கில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

டெல்லி ஆர்.கே.புரம்:
தம்பி சொன்னது சரி. அதோடு ரெஜிஸ்டரையும் புரட்டுங்கள் சிஸ்டர். வரிசையாக 130/80, 120/80 என்றே இருந்தால் சந்தேகப்படுங்கள்; சரியாக அளக்காமல் உத்தேசமாக எழுதியிருக்கலாம். ஐந்து நிமிஷம் உட்காரவைத்துத்தான் பார்த்தார்களா, பருத்த கைக்குப் பெரிய கஃப் (பிரஷர் பார்க்கக் கையில் சுற்றும் பட்டை) இருந்ததா? அப்புறம் மாத்திரை. ஓரிடத்தில் 30 நாளைக்கு, இன்னோரிடத்தில் ஒரு வாரத்துக்குக் கொடுத்தால் அது சிஸ்டரின் திறமையை அளப்பது ஆகாது. நானாக இருந்தால் பட்டியலே போடமாட்டேன். ஒவ்வொரு நிலையத்துக்கும் மாதவாரியாக ஒரு கோடு வரைந்து, மாற்றத்துக்கு முன்பும் பின்பும் அதன் போக்கைப் பார்ப்பேன்.

அல்சூர் சிஸ்டர்:
ரொம்ப நன்றி. வந்தவர்களால்தான் வகுத்திருக்கிறோம். வராதவர்களுக்கு எங்கள் படிவத்தில் கட்டமே இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி டாக்டரிடம் கேட்கப்போகிறேன். கார்மென்ட்ஸ் பெண்களுக்காக வாரத்தில் ஒருநாள் சாயங்கால ஓ.பி. வைக்க முடியுமா என்றும்.